மஞ்சள் கம்பளிப்பாயும் ராமாயியின் அடுப்பும்

இன்றைக்கு நான் யாரைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன் தெரியுமா? ராமாயியை! சோளக்காடு என்கிற மலையூருக்கு மேலே, பலா மரங்களுக்கு நடுவில் ஒண்டிக்கொண்டிருக்கிற ஒரு புல்வேய்ந்த வீட்டில். மலையிறங்கி வந்து இன்னும் கால்கூடக் கழுவவில்லை, எழுத உட்கார்ந்துவிட்டேன். உள்ளங்காலில் அந்தக் கம்பளி இன்னும் குறுகுறுக்கிறது. கழுவினால் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது!

ராமாயி சாமையும் கேழ்வரகும் விளைவிக்கிற மலைக் குடும்பத்துப் பெண். அவளும் அவள் மாமியார் பாவாயியும் ஒருவர் வாயிலிருந்து ஒருவர் பிடுங்கிப் பிடுங்கிச் சொன்ன கதை இது. அப்படியே சொல்லிவிடுகிறேன்.

உலக யுத்தம் தொடங்குவதற்குக் கொஞ்ச காலம் முன்பு, சின்னராசுவைக் கட்டிக்கொண்டு வந்த மறு வருஷம், ராமாயிக்கு அம்மை போட்டது. வேப்பிலைப் படுக்கையிலிருந்து எழுந்தபோது உடம்பு மீண்டிருந்தது. கண் மீளவில்லை. ஊரார் வந்து பார்த்து, ஆத்தா கண்ணை எடுத்துக்கொண்டு உயிரை விட்டுவிட்டுப் போனாள் என்று கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

கண் இருந்த காலத்தில் அந்த வீட்டுத் தரைதான் ராமாயிக்குப் பெருமை. சாணி மெழுகி, காய்ந்ததும் கூழாங்கல்லால் தேய்த்துத் தேய்த்து, வாசலிலிருந்து அடுப்படி வரைக்கும் ஒரே வழவழப்பாக வைத்திருப்பாள். இப்போது அதே வழவழப்பு அவளை ஏமாற்றியது. வாசலிலும் அதே தரை, தானியத் தொம்பை அருகிலும் அதே தரை, அடுப்பங்கரையிலும் அதே தரை. அந்த ஒற்றை அறை வீடு அவளுக்குக் கரை தெரியாத ஏரியாகிவிட்டது. மூன்று எட்டு வைத்தால் எங்கே இருக்கிறோம் என்று தெரியாது. ஒருநாள் தண்ணீர்ப் பானைக்குப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டு நேரே அடுப்பில் போய் விழுந்தாள். தணலில் கை ஊன்றிவிட்டது.

பாவாயிதான் ஓடிவந்து தூக்கினாள். புண்ணுக்கு மருந்து வைத்து, வாயில் ஊட்டி, தலை வாரிவிட்டு எல்லாம் செய்தாள். ஆனால் அன்றோடு ஒரு கட்டளையும் போட்டுவிட்டாள்.

"இனி அடுப்புப் பக்கம் வரப்படாது சாமி. சோறு ஆக்கறது என்ற பாடு. நீ அந்த மூலைல உக்காந்துக்க, போதும்."

"சும்மாவே உக்காந்திருந்தா கையும் காலும் மரத்துப் போயிருமுங்கத்தெ."

"மரத்தா மரக்கட்டும். வெந்து போறதுக்கு அது தேவல."

ஆடி மாதத்துக் காற்று கூரைப் புல்லைப் பிய்த்துக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம். ராமாயி தூங்குகிறாள் என்று நினைத்துக்கொண்டு பாவாயி மகனிடம் மெல்லப் பேச்செடுத்தாள்.

"எனக்கு முட்டி புடிச்சுக்குது சின்னு. இன்னும் எத்தன நாளைக்கு நான் அடுப்பூதறது? கீழ்வளவு குப்புசாமியண்ணன் மவ பாப்பாயி இருக்கறா. தை பொறந்தா அவுங்கள வரச் சொல்லிப் பேசிப்போடலாம். அவ வந்து அடுப்பப் பாத்துக்கட்டும்."

"ராமாயி?"

"அவ ஒரு மூலைல இருந்துட்டுப் போறா. அவளுக்கு ஒரு வாய் சோறு போடாமயா போயிருவோம்?"

சின்னராசு எழுந்தான். அம்மா சொன்னால் அவனுக்குப் பேச்சு வராது. வெளியே போய் மாட்டை அதட்டுகிற சாக்கில் எதையோ அதட்டினான்.

ராமாயி படுத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். பாப்பாயி வருவதுகூட அவளைக் குத்தவில்லை. 'ஒரு மூலை' என்ற சொல்தான் குத்தியது. அடுப்பு யாருடையதோ அவளுடையதுதான் வீடு. அடுப்பு போய்விட்டால் மிச்சம் இருப்பது மூலைதான். விடிந்ததும் மாமியார் இருக்கிற திசைக்கு முகத்தைத் திருப்பிக் கேட்டுவிட்டாள்.

"தையில அவுங்க வாரன்னிக்கு, நானே பொங்கி எறக்கிக் காட்டுனா?"

பாவாயிக்குத் தூக்கிவாரிப் போட்டது. கேட்டுவிட்டாளே! கொஞ்ச நேரம் முறத்தைத் தட்டிக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்:

"நீ சூடு படாம, ஒருத்தர் கையப் புடிக்காம, பொங்கி எறக்கிப் போடு கண்ணு. நான் அந்தப் பேச்சையே எடுக்கல."

சரி, எடுக்கல என்று சொல்லிவிட்டாள். எப்படிப் பொங்குவது? இருட்டு ஏரியில் அடுப்பு எங்கே மிதக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

அதற்குப் பிறகு ராமாயிக்கு ஒரு கனவு வந்தது. கண்ணாலே காண்கிற கனவு அவளுக்கு நின்றுபோயிருந்தது. இது கால் கண்ட கனவு. அவள் ஏதோ ஒன்றின் மேல் நடந்துகொண்டிருந்தாள். கணுக்கால் வரைக்கும் வெதுவெதுப்பு. பனியில் நனையாத புல் மாதிரி, தூங்குகிற ஆட்டுக்குட்டியின் முதுகு மாதிரி. நடக்க நடக்க அது அவளுக்கு வழிவிட்டு, பின்னாலேயே மூடிக்கொண்டது. விழித்தபோது கால் ஜில்லிட்டிருந்தது. ஆனால் அது என்ன என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. காப்பித் தோட்டத்து பங்களாவின் ரத்தினக் கம்பளம்!

கல்யாணத்துக்கு முன்னால் அவள் அந்த பங்களாவில் கூட்டிப் பெருக்குகிற வேலை பார்த்தாள். வெயில் அடிக்கிற நாளில் அந்தக் கம்பளத்தைத் தூக்கி வேலியில் போட்டுக் கழியால் தட்டுவது அவள் வேலை. முன்பக்கம் பூவும் கொடியும். அவளுக்குப் பிடித்ததோ பின்பக்கம். அங்கேதான் முடிச்சுகள் தெரியும், கேழ்வரகு மணி மாதிரி நெருக்கு நெருக்காக. ஒருமுறை ஒரு முடிச்சு நகத்தில் மாட்டி அவிழ்ந்துவிட்டது. பயந்துபோய், பக்கத்து முடிச்சைப் பிரித்துப் பார்த்து, அதே மாதிரி போட்டுவைத்தாள். இரண்டு இழையைச் சேர்த்துச் சுற்றி, நடுவில் வாங்கி, கீழே இழுத்து இறுக்கணும். அவ்வளவுதான். அந்த முடிச்சு இத்தனை காலமாக அவள் விரலுக்குள்ளேயே தூங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

"ஏனுங்க, மொளகு கொண்டுட்டுக் கீழ போனா ஆட்டு முடி கொண்டாருவீங்களா?"

"ஆட்டு முடியா? எதுக்கு கண்ணு?" என்றான் சின்னராசு.

"ஊடு கட்ட."

"முடியிலயா ஊடு?"

"கொண்டாந்து போடுங்க. கட்டிக் காட்டறேன்."

மலையடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டியில் ஆடு மேய்க்கிற குழந்தைசாமி, மிளகுக்குப் பதில் முடி கேட்கிற மலைக்காரனை அதற்கு முன்னால் பார்த்ததில்லை. "குளுரு தாங்கலீன்னா நெய்ஞ்ச கம்பளியே இருக்குது, எடுத்துட்டுப் போங்கறேன்" என்று சிரித்தான். சின்னராசுக்கும் வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் மூட்டையைத் தலையில் தூக்கிக்கொண்டு, வழியெல்லாம் "என்னப்பா, ஆட்ட விட்டுட்டு முடிய மட்டும் ஓட்டிட்டு வாரியா?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொல்லாமல் மலையேறி வந்தான்.

மூங்கிலில் சட்டம் கட்டிக்கொடுத்தான். கத்தாழை நாரைத் திரித்துச் சட்டத்தில் நெடுக்காகப் பாவு இழுத்துக்கொடுத்தான். ராமாயி ஆட்டு முடியைக் கதிர்க் குச்சியில் நூற்றாள். பிறகு முடிச்சுப் போட ஆரம்பித்தாள். ஒரு வரிசை முடிச்சு, அதன் குறுக்கே ஒரு நார், மரச் சீப்பால் ஒரு தட்டு. மறுபடி ஒரு வரிசை. வெளியே மழை, உள்ளே அந்தத் தட்டு. டக், டக், டக். தட்டத் தட்ட அவளுக்குள் இருட்டு விலகியது. கண்ணால் முன்பு பார்த்த மலையெல்லாம் ஒவ்வொன்றாக வந்து அவள் விரலடியில் நின்றது.

வாசலுக்கு என்று ஒரு பாய் போட்டாள். கறுப்பு முடி, ஒட்ட நறுக்கியது. அறுப்பு முடிந்த கேழ்வரகுக் காட்டில் வெறுங்காலோடு நடந்தால் தாள் குத்துமே, அந்த மாதிரி மொறுமொறுவென்று. தண்ணீர்ப் பானைகளுக்கு முன்னால் போட ஒன்று. அதில் முடிச்சை நறுக்காமல் உருண்டை உருண்டையாக விட்டாள். ஓடைக்குள் இறங்கினால் கால் படுகிற கூழாங்கல் அது. அறை நடுவில், தொம்பைக்குப் பக்கத்தில் ஒன்று. ஒரு வரிசை உயரம், ஒரு வரிசை பள்ளம். உழுத காட்டின் சால். அந்தச் சால் நேரே அடுப்பைப் பார்த்துப் போகும்படி விரிக்க வேண்டும். சாலைப் பிடித்துக்கொண்டே நடந்தால் அடுப்பு.

கடைசியில் அடுப்பங்கரைப் பாய். அதற்கு முடியை நீளமாக விட்டாள். அறுப்புக்கு முந்தின சாமைக் காடு. காலை வெயிலில் தலை சாய்த்துக்கொண்டு நிற்குமே அது.

"இதுக்கு மட்டும் சாயம் வேணுமுங்க" என்றாள். "மஞ்ச."

"உனக்கு எதுக்கு கண்ணு சாயம்?" என்று கேட்டுவிட்டு, கேட்டிருக்கக் கூடாது என்று சின்னராசு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"வெயில் பட்ட சாமை மஞ்சளாத்தானே இருக்கும்? வெள்ளையா இருந்தா எனக்குத் தெரிஞ்சு போயிரும்."

பலாக் கட்டைச் சிராயைக் கொதிக்க வைத்துச் சாயம் இறக்கினான். அந்த நூலை அவள் கையில் கொடுத்தபோது முகர்ந்து பார்த்து, "மஞ்சதான்" என்றாள். ஆட்டு முடிக்கு இன்னொரு குணமும் உண்டு. தணல் தெறித்தால் குப்பென்று பற்றாது. பொசுங்கி நாறும். நாறினால் அடுப்புக்கு ரொம்பக் கிட்டே வந்துவிட்டோம் என்று அர்த்தம். அதையும் அவள் கணக்கில் வைத்திருந்தாள்.

பாவாயி இதையெல்லாம் எப்படிப் பார்த்தாள்? அழகாக இருக்கிறது என்று பார்த்தாள்! பண்ணைக்காரப் பண்ணாடி ஊட்டுலகூட இப்படி இல்லை என்று பக்கத்து வீட்டு மாதம்மாளைக் கூட்டிவந்து காட்டினாள். ஆனால் ஒரு தடவைகூட அவற்றின் மேல் கால் வைக்கவில்லை. அத்தனை பாடுபட்டு முடிந்ததை, அதுவும் மஞ்சளை, காலால் மிதிப்பதா? சுவரை ஒட்டி ஒட்டிச் சுற்றிப் போவாள். ராமாயி அதன் மேல் நடப்பதைக்கூட, பாவம், கண் தெரியாமல் மிதிக்கிறாள் என்றே நினைத்தாள். ஆளில்லாத நேரத்தில் ராமாயி சட்டி பானையோடு அங்கும் இங்கும் நடந்து பழகியது அவளுக்குத் தெரியவே தெரியாது.

தை வந்தது. குப்புசாமியும் அவர் மனைவி கண்ணாயியும் வருகிற நாள். காலையிலேயே ராமாயி ஓடைக்குக் குளிக்கப் போனாள், மாதம்மாள் கையைப் பிடித்துக்கொண்டு. அந்த நேரத்தில் பாவாயி வீட்டை மெழுக உட்கார்ந்தாள். விருந்தாளி வருகிற வீட்டை மெழுகாமல் விடலாமா? பாய்களைச் சுருட்டி வெளியே வைத்தாள். மெழுகினாள். காய்ந்ததும் மறுபடி விரித்தாள். மனசு நிறைய ஆசையோடு விரித்தாள்! இருக்கிறதிலேயே அழகானது மஞ்சள். அதைக் கொண்டுபோய் அடுப்பங்கரைப் புகையில் போடுவானேன்? வாசலுக்கு உள்ளே போட்டாள், வருகிறவர்கள் உட்காரட்டும் என்று. கறுப்பை அடுப்புக்கு முன்னால் போட்டாள், கரி பட்டாலும் தெரியாதே. நடுவில் கிடந்த சால் பாய் வாசலுக்குக் கோணலாகக் கிடந்த மாதிரி இருந்தது. அதைத் திருப்பி நேராக்கினாள். தண்ணீர்ப் பாயை மட்டும் இருந்த இடத்திலேயே விட்டாள்.

ராமாயி திரும்பி வந்து மாட்டுக் கொட்டில் பக்கத்துப் பின்கதவு வழியாக நுழைந்தபோது, வீடு நிறையப் பேச்சு. குப்புசாமி வந்து மஞ்சள் பாயில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சின்னராசு வெற்றிலைத் தட்டை நீட்டிக்கொண்டிருந்தான். அடுப்பை முறைப்படி மூத்தவள் பாவாயி மூட்டிவைத்திருந்தாள். புகை அறை முழுக்கச் சூழ்ந்திருந்தது, எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று தெரியாமல்.

ராமாயி கால் வைத்தாள். காலடியில் கூழாங்கல். ஓடை. புதுப் பானையில் தண்ணீர் மொண்டாள். இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள். சால். உழுத காடு. வலது கால் ஒரு சாலில், இடது கால் ஒரு சாலில். எத்தனையோ தடவை நடந்த காடுதான். சால் முடிந்தது. அதோ, நீள நீளமாக, வெதுவெதுவென்று, காலை மூடிக்கொண்டு வந்தது சாமைக் காடு. வந்துவிட்டோம்! மெல்லக் குந்தினாள். ஒரு கையால் அடுப்புக் கல்லைத் தடவினாள். உருண்டையாக ஒரு கல். பக்கத்தில் இன்னொரு கல். பானையை அதன் மேல் இறக்கினாள்.

"ஏந் தாயி," என்றது கல், "என்ற முட்டி மேலயா பொங்கப் போற?"

வீடே கொல்லென்று சிரித்தது. கண்ணாயி சிரித்த சிரிப்பில் வெற்றிலை தெறித்தது. குப்புசாமி நல்ல மனுஷர், பானையைக் கீழே விடாமல் பிடித்துக்கொண்டார். வேட்டி மட்டும் நனைந்துவிட்டது. சிரிப்பு அடங்கியதும் வந்தது பாருங்கள் ஒரு அமைதி! அதுதான் ராமாயியைக் கொன்றது. அந்த அமைதியில் எல்லோரும் அவள் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பாத்தீங்களாண்ணா," என்றாள் பாவாயி. "இதுக்குத்தான் நான்..."

ராமாயி எழுந்திருக்கவில்லை. இரண்டு கையாலும் கீழே இருந்த பாயைத் தடவினாள். அவள் முடிச்சுதான். ஓரத்தில் பலாச் சாயத்தின் வாசனை. ஆனால் முகத்தில் சூடு இல்லை. பனிக்காற்று அடித்தது. வாசல் காற்று. அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அழுகை வரும் என்று நினைத்தாள். சிரிப்பு வந்தது.

"ஏனுங்கத்தெ, அடுப்பங்கரைய வாசலுக்குத் தூக்கியாந்தது ஆரு?"

"அடுப்பங்கரையா? பாயத்தானே கண்ணு மாத்திப் போட்டேன்? அழகா இருக்குதுன்னு..."

"பாயில்லீங்கத்தெ. எடம். வாசலு ஒரு எடம், தண்ணி ஒரு எடம், அடுப்பு ஒரு எடம். கொஞ்சம் கால வெச்சுப் பாருங்க."

"மஞ்சள மிதிக்கறதா?"

"மிதிங்க. உங்களுக்குஞ் சேத்துத்தான் முடிஞ்சேன்."

குப்புசாமி எழுந்து நகர்ந்துகொண்டார். பாவாயி சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, நெருப்பில் வைப்பது மாதிரி ஒரு காலை வைத்தாள். பிறகு மறு காலை. அப்படியே நின்றாள். கண்ணை மூடிக்கொண்டாள். அவளுக்குப் பின்னால் யாரோ ஏதோ பேச வாயெடுக்க, சின்னராசு கையைக் காட்டி அடக்கினான்.

"சாமைக் காடு," என்றாள் பாவாயி மெல்ல. "எங்க மேக்காட்டுச் சாமை மாதிரி இருக்குது சாமி."

அடுத்து சால் பாயில் கால் வைத்தாள். "இது ஒழவு." கூழாங்கல்லில் நின்றாள். வாயைப் பொத்திக்கொண்டாள். அடுப்புக்கு முன்னால் கிடந்த கறுப்பில் ஏறினதும், "அடி ஆத்தா! தாளு குத்துது!" என்று காலைத் தூக்கிக்கொண்டாள். மறுபடி சிரிப்பு எழுந்தது. ஆனால் இந்தச் சிரிப்பில் ராமாயியும் இருந்தாள்.

பிறகு பாவாயியே குனிந்து பாய்களைச் சுருட்டினாள். முட்டி வலிக்கிறது என்று சொல்லவில்லை. மஞ்சளை அடுப்பங்கரைக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டு, கண்ணை மூடிக் காலால் தடவித் தடவிக் கேட்டாள்: "இங்கியா கண்ணு?"

"சித்த மேக்கால தள்ளுங்க."

"இப்ப?"

"சால அடுப்பப் பாத்து வெய்ங்க. கோணலாவே இருக்கட்டும்."

வீட்டுக்கு மூத்தவள் சின்னவளிடம் கேட்டுக் கேட்டு வைத்தாள். அதைப் பார்த்துக்கொண்டே இருந்த கண்ணாயி, புருஷனை முழங்கையால் இடித்தாளாம்.

ராமாயி மறுபடி கொட்டில் கதவிலிருந்து ஆரம்பித்தாள். ஓடை. உழவு. சாமைக் காடு. இந்த முறை முகத்தில் சூடு அடித்தது. கல்லின் வெளிப்பக்கத்தைத் தடவினாள், கல் பேசவில்லை. பானையை ஏற்றினாள். கொதி வருகிற சத்தத்துக்குக் காது கொடுத்து, சாமையரிசியைப் போட்டு, பொங்கி, துணியால் பிடித்து இறக்கினாள். ஒருவர் கையும் படவில்லை. பாவாயி பக்கத்திலேயே நின்றுகொண்டு, தன் கையைத் தானே பிடித்துக்கொண்டிருந்தாள்.

சாப்பிட்டு முடித்ததும் குப்புசாமி தொண்டையைக் கனைத்தார். "அப்பறம் பாவாயி, நம்ம வந்த விசயம்..."

"சோறுண்ண வந்தீங்கண்ணா," என்றாள் பாவாயி. "இன்னுங் கொஞ்சம் போட்டுக்குங்க. எப்புடி இருக்குது?"

குப்புசாமி மருமகளையும் மாமியாரையும் மாறி மாறிப் பார்த்தார். நனைந்த வேட்டியைப் பார்த்தார்.

"உப்புத்தான் ஒரு கல்லு கம்மி," என்றார்.

"அடுத்த தடவ சரியாப் போடறேனுங்க பெரியப்பா," என்றாள் ராமாயி, அடுப்பங்கரையிலிருந்தே.

பாப்பாயிக்கு அந்த வருஷமே வேறு இடத்தில் நல்லபடியாகக் கல்யாணம் ஆயிற்று. அவளுக்குச் சீராகப் போனது ராமாயி முடிந்த ஒரு கம்பளிப்பாய்! அதற்கப்புறம் ராமாயி இன்னும் நிறைய முடிந்துவிட்டாள். குழந்தை பிறந்தபோது தொட்டிலுக்குக் கீழே ஒன்று, மழை பெய்த மறுநாள் மண் மாதிரி மெத்தென்று. பாவாயி படுக்கிற இடத்தில் ஒன்று. அதில் என்ன இருக்கிறது என்று இரண்டு பேரும் என்னிடம் சொல்ல மறுத்துவிட்டார்கள். சொல்லாமலே சிரித்தார்கள்.

இன்றைக்கு நான் போனபோது வாசலிலேயே பாவாயி என்னை நிறுத்தி, "கண்ண மூடிட்டு உள்ள வாங்க சாமி" என்றாள். மூடிக்கொண்டுதான் போனேன். தாள் குத்தியது. கூழாங்கல் உருண்டது. உழவில் கால் இறங்கியது. வெயிலில் விளைந்த சாமைக்குள் நின்றபோது, மூடிய கண்ணுக்குள் மஞ்சள் தெரிந்தது என்று சொன்னால் நம்புவீர்களா? எனக்குத் தெரிந்தது!

அதனால் ஒரு வேண்டுகோள். இதை உங்கள் வீட்டில் நாலு பேருக்குப் படித்துக் காட்டுங்கள். கண் தெரியாதவர் யாராவது உங்கள் தெருவில் இருந்தால் அவருக்கு முதலில் படித்துக் காட்டுங்கள். காளப்பநாயக்கன்பட்டிப் பக்கம் வந்தால் ஒருநாள் மலையேறி சோளக்காட்டுக்குப் போங்கள். பலா மரத்துக்குள் ராமாயி வீடு எது என்று யாரைக் கேட்டாலும் காட்டுவார்கள். கொஞ்சம் ஆட்டு முடி கொண்டுபோனால் சந்தோஷப்படுவாள். ஆனால் பாய் அழகாக இருக்கிறதே என்று ஒன்றையும் நகர்த்திப் பார்த்துவிடாதீர்கள். அங்கே அடுப்பு எரிந்துகொண்டிருக்கும்.